கிணறு இறைக்காத ஐப்பசி

ரீச்சர்,

உங்கள் வாளி என் குசினி மேசையில் இருக்கிறது. வாளி என்று சொல்வதே அதற்குக் கொடுக்கிற மரியாதை. பால்மா வருகிற தகர ரின் ஒன்றின் வாயில் இரண்டு துளை போட்டு, கம்பியை வளைத்து மாட்டி, கயிறு கட்டியது. அடியில் துரு பிடித்திருக்கிறது. கிட்ட வைத்தால் பழைய இரும்பு மணமும் பாசி மணமும் வருகிறது. இந்த மணத்துக்கு மனம் இளகும் என்று யாராவது நினைத்தால் அவர்கள் என்னையும் அறியவில்லை, உங்களையும் அறியவில்லை. எனக்கு வயிறுதான் எரிந்தது.

போன மாதம் உங்கள் குசினிக் கதவை இழுத்துப் பின்பக்கம் கூட்டும்போது, தும்புத்தடி பட்டு இது ஆணியில் ஆடிச் சுவரில் மோதியது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் இந்த மன்னார்த் தீவு ஓலைத்தொடுவாய்க்கு வந்த நாளிலிருந்து என் காலைகள் அந்தச் சத்தத்தோடுதான் விடிந்தன. நீங்கள் கண் மூடின பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடம் நிம்மதியாக இருந்தேன். பிறகு உங்கள் வீட்டுக்குள்ளேயே போய் அதைக் கேட்கிற விதி வந்தது.

எப்படி வந்தது என்று சொல்கிறேன். உங்கள் மகள் ஜெர்மனியிலிருந்து போன் எடுத்தா. "அக்கா, அம்மாவின்ர ஆண்டுப் பூசைக்கு வாறன். மாரிக்கு முதல் வீட்டை ஒருக்காத் துப்பரவாக்கி வைப்பீங்களே? வேற ஆரைக் கேக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை." ஊரெல்லாம் படிப்பித்த ரீச்சருக்கு, வீடு கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு வேலிக்கு அந்தப் பக்கத்து எதிரியை விட்டால் ஆளில்லை. நான் ஓம் என்றேன். இரக்கத்தால் அல்ல. இத்தனை வருடமாக நீங்கள் என்னை விறாந்தைக்கு மேல் ஏற்றியதில்லை. உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். வியாபாரிக்கு மூடின சாக்கை அவிழ்த்துப் பார்க்காமல் இருக்க ஏலாது.

உள்ளே மண்தான் இருந்தது.

எங்கள் ஊர் வீடு வருடத்துக்கு ஒருமுறை மண்ணுக்குள் போய் வெளியே வரும். வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால் புரட்டாசி வரைக்கும் அதற்குக் களைப்பில்லை. ஓட்டு இடுக்கால், யன்னல் சட்டத்தால், சாவித் துவாரத்தால் கடற்கரை மணல் மாவாக வந்து இறங்கும். உங்கள் வீட்டில் ஒரு சோளகம் முழுக்க யாரும் கூட்டவில்லை. கதிரைகளில் மண் இருந்தது. கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கிய கோப்பைகளில் மண் இருந்தது. மாதா சுரூபத்தின் விரித்த கையில் ஒரு பிடி மண், யாரோ தானம் கொடுத்தது போல. மெத்தையைத் தூக்கி முற்றத்தில் போட்டு அடித்தால் தூசி எழும்பி என் வளவுக்குப் போகவில்லை, நேரே நின்றது. அப்போதுதான் காற்று விழுந்துவிட்டது என்று கண்டேன்.

அந்த இடைவெளி சின்னது. சோளகம் விழுந்து வாடை எழும்புவதற்குள், முதல் மழைக்கு முன்பு, வீட்டைக் கழுவிவிட வேண்டும். முந்தினால் திரும்ப மண் வந்துவிடும். பிந்தினால் மழை அந்த மண்ணைக் குழைத்துச் சுவரில் பூசிவிடும். கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலியில் அடைந்த பனஞ்சருகை இழுத்துப் போட வேண்டும், ஓடு மாற்ற வேண்டும், அலுமாரிக்குக் கீழே கல் வைக்க வேண்டும், விறகை உள்ளே எடுக்க வேண்டும், வேலியில் கிழிந்த கிடுகோலையை மாற்ற வேண்டும், கழுதை நுழைகிற பொட்டு ஓட்டையை அடைக்க வேண்டும். இதற்கு நாள் குறிப்பது இந்தத் தெருவில் நீங்கள்தான். உங்கள் மெத்தை வேலியில் ஏறினால் அடுத்த நாள் தெரு முழுக்க மெத்தை ஏறும். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். வானத்தைப் பார்க்க உங்களுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்கத்தான் தெரியவில்லை.

உங்கள் பெரியம்மா மகன் வேலிக்கு இந்தப் பக்கத்து வளவுக் காணியை எனக்கு விற்றதை நீங்கள் கடைசி வரை பொறுக்கவில்லை. உங்கள் மகள் திரும்பி வந்தால் வீடு கட்டுவதற்கென்று நீங்கள் அதை மனதில் எழுதி வைத்திருந்தீர்கள். சண்டை முடிந்து சனம் வந்து வீடுகளைத் திருத்திக்கொண்டிருந்த காலம். அவருக்குக் கையில் காசு வேண்டியிருந்தது, என்னிடம் கையில் காசு இருந்தது. கதை அவ்வளவுதான். நான் பிறந்தது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வளர்ந்தது தீவுக்கு வெளியே முருங்கன் பக்கம் குடியேற்றத்தில். அப்பா பிறந்த லயக்காம்பிரா கம்பனிக்குச் சொந்தம். அவர் குடியேறின காணி அரசாங்கத்துக்குச் சொந்தம். என் பெயருக்கு உறுதி எழுதி வாங்கிய முதல் நிலம் உங்கள் வேலிக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் துண்டு மணல்தான். அதை நீங்கள் அறிந்திருந்தீர்கள். அறிந்தபடியால்தான் அங்கேயே கை வைத்தீர்கள்.

முதல் நாள் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள் வேலிக்கு மேலால் பார்த்தீர்கள்.

"மலையில காத்துக்கு எதிராத்தான் கூட்டுறதோ?"

"மலையில மண்ணு பறக்காதுங்க ரீச்சர். நாங்க சொன்னா சொன்ன இடத்துல இருக்கும்."

"இஞ்ச மண்ணும் கேக்காது, மனுசரும் கேக்காயினம். பழகும் பிள்ளை."

அப்படித்தான் தொடங்கினோம். நீங்கள் காற்றோடு சேர்த்துக் கூட்டுவீர்கள். சோளகக் காற்று உங்கள் பக்கத்திலிருந்து என் பக்கம் போகும். உங்கள் வீட்டு மண் முழுக்கக் கிடுகுக்குக் கீழால் என் வளவுக்கு வரும். கேட்டால், "காத்தெல்லே கொண்டு போகுது, நானே?" என்பீர்கள். நானும் சும்மா இருக்கவில்லை. வாடை எழும்பியதும் நானும் காற்றோடு சேர்த்துக் கூட்டினேன். "காத்துதாங்க கொண்டு வருது ரீச்சர்." அந்த அளவில் நின்றிருந்தால் இது ஒரு சிரிப்புக் கதை. உங்கள் செத்த வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பேன்.

கிணறு அந்த அளவில் நிற்கவிடவில்லை.

கிணறு எல்லையில் இருந்தது. வேலி இரண்டு பக்கமும் வந்து கிணற்று வளையத்தில் முட்டி நிற்கும். பாதி வாய் உங்களுக்கு, பாதி வாய் எனக்கு. முதல் ஐப்பசியில் வீடு முழுக்கக் கழுவி முடித்துவிட்டு எட்டிப் பார்த்தேன். சருகு, பாசி, செத்த தவளை ஒன்று. முருங்கன் பக்கத்தில் மாரிக்கு முன்பு கிணற்றை அடிவரைக்கும் இறைத்து, சேறு அள்ளி, உள்சுவரைத் தேய்த்துக் கழுவித்தான் விடுவோம். வீட்டுத் துப்பரவில் கடைசி வேலை அது. அதைச் செய்யாவிட்டால் வீடு கழுவியதாகவே கணக்கில்லை. அங்கே தெரிந்த சூசை என்கிறவரிடம் இறைக்கிற மோட்டர் இருந்தது. வரச் சொல்லி அனுப்பினேன்.

உங்களுக்குச் சொல்லாமல் செய்தேனா? வேலியடிக்கு வந்து சொன்னேன். நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். "ரீச்சர், நாளைக்கு கெணறு எறைக்கப் போறோம். மோட்டர் வருது. உங்களுக்கும் சேத்துத்தான், நீங்க ஒண்ணும் தர வேணாம்."

சுளகைத் தட்டுவதை நிறுத்தினீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பிறகு திரும்பவும் தட்டத் தொடங்கினீர்கள்.

"ஓம். துப்பரவு நல்லம்தானே."

அவ்வளவுதான் சொன்னீர்கள். அந்த வசனத்தை நான் எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பேன். கருவாடு வாங்கும்போது முதுகைப் பார்க்கக்கூடாது, வயிற்றைத் திறந்து மணந்து பார்க்க வேண்டும் என்பது என் தொழில். அன்றைக்கு உங்கள் வசனத்தின் முதுகை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் முழுக்க அந்த ரின் கிணற்றில் மோதுகிற சத்தம் கேட்டது. பொழுது படும் வரைக்கும் நிற்கவில்லை. குடம், அண்டா, சோறு வடிக்கிற பானை, குளிக்கிற பீப்பா, கோழிக்குத் தண்ணீர் வைக்கிற சட்டி என்று உங்கள் வீட்டில் இருந்த எல்லா ஏனத்தையும் நிரப்பினீர்கள். வேலிப் பொட்டால் பார்த்த நான், மனுசி கவனமான ஆள், நாளைக்கு இறைக்கும்போது தண்ணீர் இருக்காது என்று பிடித்து வைக்கிறா என்று மெச்சிக்கொண்டேன். உங்களை நான் மெச்சியது அந்த ஒருநாள்தான்.

காலையில் சூசை மோட்டரை இறக்கியபோது நீங்கள் கதிரை ஒன்றைத் தூக்கி வந்து விறாந்தையில் போட்டு இருந்தீர்கள். கையில் செபமாலை. கோயிலுக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சீலை. மோட்டர் தண்ணீரை இழுக்க இழுக்க நான் வளையத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். அடி தெரிந்தது. வளையத்துக்குக் கீழால் மண் சரிந்து வந்தது. அதையும் அள்ளச் சொன்னேன். உள்சுவரைத் தேங்காய்த் தும்பு வைத்துத் தேய்க்கச் சொன்னேன். மத்தியானத்துக்குப் பிறகு கிணறு கழுவி வைத்த கோப்பை மாதிரி இருந்தது. பின்னேரம் தண்ணீர் ஊறி வந்தது, கண்ணாடி போல. அவரிடம் பெருமையாகக் காட்டினேன். என் வீட்டுக்காரரைச் சொல்கிறேன். "பாருங்க, அடி தெரியுது," என்றேன்.

அடுத்த நாள் தேத்தண்ணி கரித்தது.

முதலில் சீனியோடு உப்புக் கலந்துவிட்டது என்று நினைத்தேன். கருவாட்டு வீட்டில் உப்பு எங்கேயும் இருக்கும். ஊற்றிவிட்டு வேறு போட்டேன். அதுவும் கரித்தது. வெறும் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து நாக்கில் வைத்தேன். நாளுக்கு நாள் கூடியது. ஒரு கிழமையில் அது கிணறில்லை, கடலுக்குள் இருக்கிற ஒரு பொந்து.

தீவில் பிறந்த பிள்ளை எல்லாருக்கும் தெரிந்த விஷயமாம் இது. மணலுக்குக் கீழே நிற்பது மழைத்தண்ணீர். அதற்கும் கீழே சுற்றிவர உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் எண்ணெய் மாதிரி மேலே மிதந்துகொண்டிருக்கிறது. அதை ஒரேயடியாக, அதுவும் மழைக்கு முன்பு, தண்ணீர் மெலிந்திருக்கிற ஐப்பசியில் உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும். ஏறினதை இறக்க மாரிகள் வேண்டும். எனக்கு இதைச் சொன்னது கோயில் மூப்பர். எல்லாம் முடிந்த பிறகு. "ஐயோ பிள்ளை, ரீச்சர் பக்கத்தில இருந்தவவே," என்றார்.

பக்கத்தில் இருந்தீர்கள். கதிரை போட்டு இருந்தீர்கள்.

அது பொதுக் கிணறு, ரீச்சர். என் தண்ணீர் கெட்டால் உங்கள் தண்ணீரும் கெடும். இதுதான் இன்றைக்கும் என் தலைக்குள் ஏறாத சங்கதி. நட்டம் தனக்கும் வரும் என்று தெரிந்துகொண்டு எதிராளியைக் கவிழ்க்கிற வியாபாரியை நான் எந்தச் சந்தையிலும் கண்டதில்லை. உங்கள் பீப்பாத் தண்ணீர் சில நாளில் முடிந்தது. பிறகு நீங்களும் கரித்த தேத்தண்ணிதான் குடித்தீர்கள். உங்கள் கறிவேப்பிலை முதலில் காய்ந்தது, என் தேசிக்காய்க் கன்று பிறகு காய்ந்தது. நீங்கள் முகம் சுளிக்கவில்லை. தேசம் தீப்பற்றினாலும் எதிரியின் வீடு எரிகிற வெளிச்சத்தில் செபமாலை உருட்டுகிற ஆள் நீங்கள்.

அதோடும் நிற்கவில்லை. கோயில் குழாயடியில் தண்ணீர் பிடிக்க நின்றபோது எனக்கு முன்னால் நின்ற மனுசி பின்னால் நின்ற மனுசிக்குச் சொன்னா, என் தலைக்கு மேலால். "ரீச்சர் வேண்டாமெண்டு சொன்னவவாம். தோட்டக்காட்டார் கேக்கேல்லையாம்."

தேயிலைத் தோட்டத்து ஆட்களை இங்கே இளக்காரமாகச் சொல்கிற பெயர் அது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு உங்கள் படலைக்கு வந்தேன். படலையைத் திறக்கவில்லை. வெளியில் நின்று கேட்டேன்.

"நீங்க எனக்கு எறைக்க வேணாம்னு சொன்னீங்களா ரீச்சர்?"

நீங்கள் விறாந்தையை விட்டு எழும்பவில்லை. "சொல்லியிருந்தா மட்டும் நீர் கேட்டிருப்பீரோ?"

இல்லை என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. கேள்வியைத் திருப்பிக் கையில் தந்துவிட்டீர்கள். வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்து பழகின வித்தை. தெருவில் ஆட்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தையில் ஐந்து பேரோடு ஒரே நேரத்தில் விலை பேசுகிற வாய் இது. அன்றைக்கு அடைத்துப் போனது. அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன், கேளுங்கள். கேட்டிருப்பேன், ரீச்சர். நான் வியாபாரி. நட்டம் வரும் என்று யார் சொன்னாலும் கேட்பேன். எதிரி சொன்னால் இரண்டு தரம் கேட்பேன்.

அந்த வருடம் என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் சொன்னார், "இந்த ஊரு வேணாம் புள்ள. தண்ணியும் உப்பு, சனமும் உப்பு. முருங்கனுக்கே போயிருவோம்." நான் போகவில்லை. கருவாடு காயவைக்கிற வெளி அங்கேதான் இருந்தது. மன்னாரில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட அப்போதுதான் கடை பிடித்திருந்தேன். மலைநாட்டுக் கடைகளுக்கு மூட்டை அனுப்பத் தொடங்கியிருந்தேன். இதெல்லாம் நான் அவருக்குச் சொன்ன காரணங்கள். சொல்லாத காரணம், அந்த நிலத்தை விட்டால் கிணற்றைக் கெடுத்துவிட்டு ஓடினவள் என்ற பெயர்தான் அங்கே குடியிருக்கும். லொறியில் நல்ல தண்ணீரைப் பிளாஸ்ரிக் கானில் ஏற்றி வந்தேன். பங்குச் சாமியார் ஒருநாள் வந்து, "ரீச்சருக்கும் ஒரு கான் குடுக்கலாமே," என்றார். "ரீச்சருக்கு உப்பு ருசி பிடிச்சிருக்கு போல சாமி," என்றேன். கொடுக்கவில்லை. இன்று கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.

ஆனால் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க நீங்கள் தடை போட ஏலாது. மாரி ஒன்று போனது, இன்னொன்று போனது. உப்பு மெல்ல மெல்ல இறங்கியது. நீங்கள் கிணற்றடிக்கு வருவதை வேலிப் பொட்டால் பார்ப்பேன். இந்த ரின்னைத் தண்ணீரில் விழுத்தமாட்டீர்கள், மேலே தொட்டு மொண்டு எடுப்பீர்கள். அடியைக் கலக்கமாட்டீர்கள். கயிறு கட்டை. பிசினாறி மனுசி, ஒரு முழக் கயிறு வாங்க மனமில்லை என்று அவருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பிறகு ஒரு பங்குனியில் பார்த்தேன். கயிறு எட்டவில்லை. நீங்கள் குனியவில்லை, கயிறு தேடவில்லை, வெறும் வாளியோடு திரும்பிப் போய்விட்டீர்கள். அன்று பின்னேரம் தண்ணீர் ஊறின பிறகுதான் வந்தீர்கள். அப்போது விளங்கியது. கயிறு கட்டையாக இருப்பதுதான் கணக்கு. கயிறு எட்டாத தண்ணீர் உங்களுடையதில்லை.

துப்பரவையும் அப்படித்தான் பார்த்தேன். வீட்டை மழைக்கு முன்பு கழுவுவீர்கள். கிணற்றை மட்டும் தொடமாட்டீர்கள். இரண்டு மூன்று நல்ல மழை விழுந்து தண்ணீர் ஏறின பிறகு, பழைய சேலைத் துண்டை ஒரு வளையத்தில் கட்டி, மேலே மிதக்கிற சருகையும் பாசியையும் மட்டும் அரித்து எடுப்பீர்கள். அடுத்த வருடத்திலிருந்து நானும் அப்படியே செய்தேன். நீங்கள் பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நீங்கள் படிப்பித்தீர்கள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. உங்களிடம் நான் களவெடுத்தேன். அதுதான் சரியான சொல்.

போன மாரியில் மன்னார் ஆஸ்பத்திரியில் நீங்கள் முடிந்துபோனதாகச் சொன்னார்கள். செத்த வீட்டுக்கு வந்தேன். ஊருக்காக வந்தேன். அங்கேயும் ஒரு கிழவர் என்னைக் காட்டி மற்றவருக்குச் சொன்னார், "கிணத்தைக் கெடுத்தவ இவதான்." நீங்கள் பெட்டிக்குள் கிடந்தீர்கள், முகத்தில் அதே அமைதி. உங்கள் பொய் என் படலையடியிலேயே குடியிருக்கட்டும் என்று விட்டுவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள்.

இனி நீங்கள் அறியாத பகுதி.

உங்கள் மகள் வந்து இறங்கினா. தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு என்னோடு சேர்ந்து வீடு கழுவினா. நல்ல பிள்ளை. சுரூபத்தின் கையிலிருந்த மண்ணைக் கொட்ட மனமில்லாமல் சிரட்டையில் எடுத்து வைத்தா. அலுமாரியை நகர்த்தும்போது, "அம்மா உங்களைப் பற்றிப் போனில நிறையச் சொல்லுவா அக்கா," என்றா. நல்லதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அலுமாரியைத் தள்ளினா. யன்னல் துடைத்து முடிந்ததும் சொன்னா, "நாளைக்குக் கிணத்தையும் செய்துபோட்டா முடிஞ்சுது. மன்னாரில ஒருத்தரிட்ட மோட்டர் இருக்காம், சொல்லிவிட்டன். அடிமட்டும் இறைச்சுக் கழுவுவம்."

என் கையில் இருந்த துணி நின்றது. உங்கள் சுளகு நின்றது போல.

அவவைப் பார்த்தேன். பிறகு திரும்பவும் துடைக்கத் தொடங்கினேன். வாயில் வந்த வசனம் எது தெரியுமா? சத்தியமாக, அதுதான். "துப்பரவு நல்லம்தானே, தங்கச்சி."

வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? கிணற்றடிக்குப் போனேன். குடம் நிரப்பினேன், அண்டா நிரப்பினேன், கருவாடு கழுவுகிற தொட்டியை உப்புப் போக உரஞ்சிவிட்டு நிரப்பினேன், லொறியில் கிடந்த கான் எல்லாம் நிரப்பினேன். அவர் விறாந்தையில் இருந்து பார்த்தார். "என்னா புள்ள, நாளைக்குக் கல்யாணமா?" என்றார். நான் அடுத்த கானைத் தூக்கினேன். எனக்கு அது இனித்தது, ரீச்சர். அதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் மகள், நீங்கள் பெற்ற பிள்ளை, தன் கையால் கிணற்றை உப்பாக்கும். ஊர் வந்து கேட்கும். "நான் சொன்னனான், கேக்கேல்லை" என்று நானும் சொல்லலாம். நீங்கள் கதிரை போட்டு இருந்தபோது உங்கள் வாயில் என்ன ருசி இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

காலையில் மோட்டர் வந்தது. உங்கள் மகள் கிணற்றடியில் நின்றா. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். கதிரை எடுக்கவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். குழாயை உள்ளே விடப் போனார்கள். அவ என் பக்கம் திரும்பினா, என் முற்றத்தைப் பார்த்தா.

"அக்கா, என்ன இவ்வளவு தண்ணி பிடிச்சு வைச்சிருக்கிறீங்கள்?"

இந்தக் கேள்வியை அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும். நான் மெச்சினேன், இவ கேட்டா. கேட்கிற ஆளுக்கு என்ன சொல்வது என்று நீங்கள் யோசித்து வைத்திருந்தீர்களோ என்னவோ, நான் யோசிக்கவில்லை.

"மோட்டரை நிப்பாட்டச் சொல்லுங்கோ தங்கச்சி," என்றேன்.

பிறகு எல்லாம் சொன்னேன். மேலே மிதக்கிற தண்ணீரையும் கீழே காத்திருக்கிற உப்பையும் சொன்னேன். மழைக்குப் பிறகு அரிக்க வேண்டும் என்பதைச் சொன்னேன். கயிறு ஏன் கட்டை என்று சொன்னேன். மோட்டர்க்காரருக்கு வந்து போன கூலியைக் கொடுத்து அனுப்பினா.

"அம்மா எனக்கு இதை ஒருநாளும் சொல்லேல்லையே. சின்னனில வெளிக்கிட்டதுதானே. கேக்கவும் தெரியேல்லை." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னா. "ஆனா உங்களுக்குச் சொன்னதெண்டு சொன்னவ அக்கா. சொல்லியும் நீங்கள் கேக்கேல்லையெண்டு."

"உங்கட அம்மா பெத்த பிள்ளைக்குச் சொல்லாததை, தோட்டக்காட்டாளுக்குச் சொல்லியிருப்பாவா?"

அவ கிணற்று வளையத்தில் கையை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டு நின்றா. நான் வாயைத் திறந்துவிட்டேன், இனி மூடுகிற யோசனையில்லை. "கேட்டுப் பாருங்க. மூப்பரக் கேளுங்க. மொத நாள் பின்னேரம் வீட்டுல உள்ள அத்தனையும் நெறச்சு வச்சாங்க. தெரியாத ஆளு நெறப்பாங்களா?" கோபம் வந்தால் என் பேச்சு மலைக்குத் திரும்பிவிடும். அவ அழவில்லை. உங்கள் பிள்ளைதானே. துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்துவிட்டு, "விளங்குது அக்கா," என்றா.

ஆண்டுப் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு ஊர் வந்திருந்தது. நான் கறி பரிமாறிக்கொண்டிருந்தேன். செத்த வீட்டில் என்னைக் காட்டின அதே கிழவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இப்ப நல்ல தண்ணி. கொஞ்ச நாளா இவையால பட்டபாடு," என்று தொடங்கினார். உங்கள் மகள் சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தா.

"அக்காவுக்கு ஆரும் சொல்லேல்லை மாமா. அம்மா சொல்லேல்லை."

அவ்வளவுதான் சொன்னா. திரும்பவும் சட்டியைத் தூக்கிக்கொண்டா. கிழவர் என்னைப் பார்த்தார், உங்கள் படத்தைப் பார்த்தார், பிறகு அப்பளம் கேட்டார். நான் இரண்டு வைத்தேன்.

இதனால் உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் பிள்ளை உங்கள் பொய்யை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தது உங்கள் புண்ணியமில்லை, அந்தப் பிள்ளையின் புண்ணியம். அவ ஜெர்மனிக்குப் போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனா. இனி ஐப்பசிக்கு ஐப்பசி உங்கள் மண்ணைக் கூட்டுகிறவள் நான்தான். காற்றோடு சேர்த்துத்தான் கூட்டுவேன்.

உங்கள் மேல் எனக்கு இருப்பது அன்பில்லை, எரிச்சல்தான். அதை நான் வீணாக்குவதில்லை. தெருமுனையில் புதிதாக வீடு வாங்கி வந்தவர்களிடம் முதல் நாளே போய்ச் சொன்னேன், கிணற்றில் மோட்டர் வைக்க வேண்டாம் என்று. கருவாடு கொண்டு வருகிற தலைமன்னார் ஆட்களிடமும் சொல்கிறேன், தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். கேட்காமலே சொல்கிறேன். இரண்டு தரம் சொல்கிறேன். ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் நீங்கள் அந்தக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். வாய் இனிக்கிறது.

நேற்றுப் பின்னேரம் மூன்றாவது மழையும் நன்றாக விழுந்தது. இன்று காலை பழைய சேலைத் துண்டால் சருகு அரித்தேன். பிறகு இந்த ரின்னால் மேலே தொட்டு மொண்டு, அந்தத் தண்ணீரை அடுப்பில் வைத்து, தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். கரிக்கவில்லை.

கயிறு இற்றுப்போயிருந்தது, மாற்றிவிட்டேன். பழைய கயிற்றைப் பக்கத்தில் வைத்து அதே அளவுக்குத்தான் வெட்டினேன். உங்கள் மகள், வீட்டுச் சாமானெல்லாம் அங்கேயே இருக்கட்டும் என்றுதான் சொன்னா. வாளியை மட்டும் நான் திருப்பி மாட்டப் போவதில்லை.